ஒரே வானுக்கு ரெண்டு ஃபுல் இன்சூரன்ஸ்: லீசிங்கில போட்டது ஒண்டு, வெளியில எடுத்தது ஒண்டு

நெல்லியடி வான்:
லீசிங்கில ஓடுற கேடிஎச் வான். மார்ச் 1 இல லீசிங் கொம்பனி தானாகவே ஃபுல் இன்சூரன்சைப் புதுப்பிச்சுக் கட்டுப்பணத்தை லீசிங் கணக்கில ஏத்திப்போட்டுது. அது தெரியாமல் மார்ச் 10 இல வேற கொம்பனியில இன்னொரு ஃபுல் எடுத்தாச்சு. இப்ப கையில ரெண்டு கார்ட்.

முதலாவது: காப்புறுதித் தொகை 90 இலட்சம், எக்செஸ் (ஒவ்வொரு விபத்திலயும் முதல் நான் தாங்கவேண்டிய பங்கு) 10,000.
ரெண்டாவது: 1 கோடி 20 இலட்சம், எக்செஸ் 50,000.

வான் இண்டைக்கு 1 கோடி 20 போகும். இதுவரை கிளைம் இல்லை. மூண்டு கேள்வி. இது சட்டப்படி பிழையோ? அடிபட்டால் ரெண்டிலயும் எடுக்கலாமோ? ஒண்டை நிப்பாட்டிறதெண்டால் எதை?

தீவான்:
ரெண்டு பேரிட்டயும் காசு கட்டியிருக்கு, ரெண்டு பேரும் தரத்தானே வேணும். ஆயுள் காப்புறுதி நாலு வைச்சிருந்தால் நாலும் குடுக்கினம். வானுக்கு மட்டும் ஏன் இல்லை?

கோப்புக்காரன்:
தீவான், ஆயுள் காப்புறுதி வேற கதை. ஒரு உயிருக்கு விலை போடேலாது, அதால எழுதின தொகையை அப்படியே குடுப்பினம். வாகனக் காப்புறுதி இழப்பீட்டு ஒப்பந்தம். அடிபடுறதுக்கு முதல் நிமிசம் எந்த நிலைமையில இருந்தீங்களோ அந்த நிலைமைக்குத் திருப்பி விடுறது மட்டும்தான் அதின்ர வேலை. நாலு இலட்சம் சேதத்துக்கு எட்டு இலட்சம் வந்தால் அது இழப்பீடு இல்லை, இலாபம்.

நெல்லியடி வான் கேட்டதுக்கு: ரெண்டு பொலிசி வைச்சிருக்கிறது குற்றமில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கேக்கிறது செல்லுபடியான தேர்ட் பார்ட்டி காப்பு இல்லாமல் றோட்டில ஓடக்கூடாது எண்டதை. ரெண்டு இருந்தால் பொலிஸ் ஒண்டும் செய்யாது. பிரச்சினை சட்டத்தில இல்லை, பொலிசிப் புத்தகத்தில இருக்கு. கடைசிப் பக்கங்களில 'நிபந்தனைகள்' எண்டு பொடி எழுத்தில ஓடும். அதில ஒண்டு, வேற சொல்லில எண்டாலும், இதைத்தான் சொல்லும்: இழப்பு நேரும்போது அதே இழப்புக்கு வேறு காப்புறுதியும் இருந்தால், இந்தக் கொம்பனி தன்ர விகிதப் பங்குக்கு மேல ஒரு சதமும் குடுக்கப் பொறுப்பில்லை. ரெண்டு புத்தகத்திலயும் இந்த வரி இருக்கும். அதால ரெண்டு பேரும் முழுசாத் தராயினம். ஆளுக்குக் கொஞ்சம்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு எண்டு பாப்பம். மேல குடுத்த எண்களை அப்படியே எடுக்கிறன். முன் பம்பர், ரேடியேட்டர், சப்போர்ட் பனல், ஒரு ஹெட்லைட், கூலி எல்லாம் சேத்து ஒத்துக்கொண்ட சேதம் 420,000 ரூபா எண்டு வையுங்கோ.

காப்புறுதித் தொகை விகிதத்தில பிரிச்சால்: 90 உம் 120 உம் சேத்து 210. முதலாவது கொம்பனி 420,000 இல 90/210, அதாவது 180,000. ரெண்டாவது 240,000.

மற்ற முறையும் இருக்கு: ஒவ்வொரு பொலிசியும் தனியா இருந்திருந்தால் எவ்வளவு குடுத்திருக்கும் எண்டு பாத்து அந்த விகிதத்தில பிரிக்கிறது. முதலாவது பொலிசியில வான் குறைச்சுப் போடப்பட்டிருக்கு, 120 பெறுமதிக்கு 90. அவரேஜ் நிபந்தனை (குறைச்சுப் போட்ட அதே விகிதத்தில கிளைமையும் குறைக்கிறது) பிடிச்சால் 420,000 இல முக்கால்வாசி 315,000, எக்செஸ் போக 305,000. ரெண்டாவது தனியா எண்டால் 420,000 இல 50,000 போக 370,000. கூட்டினால் 675,000. இந்த விகிதத்தில முதலாவது 189,778, ரெண்டாவது 230,222.

இந்த ரெண்டாவது முறையில எக்செஸ் கணக்குக்குள்ளேயே போயிட்டுது, முழு 420,000 உம் வருது. ஆனா முதல் முறையில பிரிச்சுப்போட்டு, ரெண்டு பேரும் தங்கட பங்கில தங்கட எக்செசையும் கழிச்சால்? 180,000 இல 10,000 போக 170,000. 240,000 இல 50,000 போக 190,000. மொத்தம் 360,000. ரெண்டாவது பொலிசி மட்டும் இருந்திருந்தால் 370,000.

ரெண்டு கட்டுப்பணம் கட்டி 10,000 குறைய எடுக்கிறது. தீவான், விளங்குதோ?

தீவான்:
அது அநியாயம். ரெண்டு தரம் எக்செஸ் பிடிக்க ஏலுமோ?

பிரக்கிராசி:
பிடிப்பதற்கு முயல்வார்கள், நீங்கள் மறுத்து வாதிடலாம். எக்செஸ் என்பது அந்தந்தப் பொலிசியின் அட்டவணையில் எழுதப்பட்ட ஒப்பந்த நிபந்தனை. 'எங்கள் பொலிசியில் ஒவ்வொரு விபத்துக்கும் முதல் இவ்வளவு உங்களுடையது' என்று இரு கொம்பனிகளும் தனித்தனியே சொல்லலாம். உங்கள் பக்க வாதம்: இரண்டும் சேர்ந்து முழு இழப்பையும் தாங்கக்கூடியதாக இருக்கும்போது, பங்கீடு என்பது கொம்பனிகளுக்கு இடையிலான விடயம், அதன் பெயரால் காப்புறுதி செய்தவர் ஒரு பொலிசி மட்டும் இருந்த நிலையை விடக் கீழே போகக்கூடாது. வாதம் நல்ல வாதம்தான். ஆனால் 10,000 ரூபாவுக்காக எத்தனை கடிதம் எழுதுவீர்கள்?

இன்னொன்று. பங்கீடு வருவதற்கு முதலில் அது உண்மையிலேயே இரட்டைக் காப்புறுதியாக இருக்க வேண்டும். ஒரே பொருள், ஒரே ஆபத்து, ஒரே காலம், ஒரே உரித்து (அந்தப் பொருள் போனால் நட்டப்படுகிறவருக்கு அதில் உள்ள உரிமை). இந்த நாலாவதைத்தான் ஆட்கள் மறந்துவிடுவார்கள். 1877 இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு: தேம்ஸ் கரைக் களஞ்சியத்தில் இருந்த தானியம் எரிந்தது. களஞ்சியக்காரரும் காப்புறுதி எடுத்திருந்தார், தானியத்தின் சொந்தக்காரரான வியாபாரியும் எடுத்திருந்தார். பொருள் ஒன்று, தீ ஒன்று. ஆனால் இருவரின் உரித்து வேறு என்பதால் கொம்பனிகளுக்கிடையே பங்கீடு இல்லை, களஞ்சியக்காரரின் கொம்பனியே முழுவதும் சுமக்க வேண்டும் என்று தீர்ந்தது.

இங்கேயும் அதே கேள்வி. லீசிங் கொம்பனி போட்ட பொலிசியில் 'காப்புறுதி செய்யப்பட்டவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? லீசிங் கொம்பனியின் பெயர் மட்டுமா, அல்லது இரண்டு பெயருமா? அவர்களுடைய பெயர் மட்டும் என்றால் அந்தப் பொலிசியில் நேரே கிளைம் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

கோப்புக்காரன்:
அதோட பாவனை வகையையும் பாருங்கோ. வான் எண்டால் இது முக்கியம். அட்டவணையில 'தனிப்பட்ட பாவனை' எண்டிருக்கோ, 'ஹயரிங்' எண்டிருக்கோ? பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏத்துறது, குறிகட்டுவானுக்கு நயினாதீவுச் சனம் கொண்டுபோறது, கட்டுநாயக்க ஹயர், எல்லாம் வாடகை ஓட்டம். தனிப்பட்ட பாவனைக்குப் போட்ட பொலிசி வாடகை ஓட்டத்தில நடந்த விபத்துக்கு நிக்காது. அப்ப உங்களிட்ட ரெண்டு பொலிசி இல்லை, ஒண்டுதான், மற்றது வெறும் மட்டை.

கார்ட்டைப் பாக்காதேங்கோ. கார்ட்டில எல்லா விவரமும் இராது. அட்டவணையை எடுத்து ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ: பெயர், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், பாவனை வகை, தொடங்கிற திகதியும் நேரமும், எக்செஸ், ஓட்டுநர் கட்டுப்பாடு. செசி இலக்கத்தில ஒரு எழுத்துப் பிழைச்சிருந்தாலும் இப்பவே திருத்துவியுங்கோ. அசெசர் (சேதத்தை மதிக்கக் கொம்பனி அனுப்புற ஆள்) வந்து செசி பிளேட்டைப் படம் எடுக்கிற நேரம் கண்டுபிடிக்கிறது பிந்தினது.

நெல்லியடி வான்:
அட்டவணை ரெண்டும் எடுத்தாச்சு. லீசிங் போட்டதில லீசிங் கொம்பனி பெயரும் என்ர பெயரும் 'மற்றும்/அல்லது' எண்டு இருக்கு. பாவனை தனிப்பட்டது. நான் எடுத்ததில என்ர பெயர் மட்டும், பாவனை ஹயரிங். வான் ஹயர்தான் ஓடுது.

கோப்புக்காரன்:
அப்ப கிழமை நாளில ஹயர் ஓடேக்க உங்களைத் தாங்கிறது ரெண்டாவது மட்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட கோயிலுக்குப் போகேக்க ரெண்டும். கணக்குப்பிள்ளை போட்ட கணக்கெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

ஆனா ரெண்டாவதில ஒரு ஓட்டை. லீசிங் கொம்பனியின்ர நிதி உரித்து (அவை போட்ட காசுக்கு வானில அவைக்குள்ள உரிமை) அதில ஏறேல்லை. சீஆர் எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில அவைதான் அப்சலூட் ஓனர், முழு உரிமையாளர். அதைப் பொலிசி எடுக்கேக்க நிரப்பின முன்மொழிவுப் படிவத்தில சொல்லியிருக்கிறீங்களோ? 'வாகனம் லீசிங்கிலா' எண்டும் 'வேறு காப்புறுதி உண்டா' எண்டும் ரெண்டு கேள்வி இருக்கும். ஏஜென்ட்மார் கனபேர் ஆளைக் கேளாமலே 'இல்லை' எண்டு கீறிப்போட்டுக் கையெழுத்துக்கு நீட்டுவினம். கையெழுத்து உங்கடை. பிழையான பதிலும் உங்கடைதான்.

ஸ்பனர் 12-14:
கராஜ் பக்கத்தால சொல்றன். ரெண்டு கொம்பனியிலயும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் எடுக்கலாம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு.

எஸ்டிமேட் ரெண்டு அடிக்கலாம், அது சுகம். பிறகு? அசெசர் வந்து உடைஞ்ச பம்பரைப் படம் எடுத்து அதில மார்க்கரால கீறி வைப்பார். மாத்தின பழைய சாமான்களைக் கொம்பனி திருப்பிக் கேக்கும். உடைஞ்ச ஹெட்லைட் ஒரு சோடிதான் இருக்கும், ரெண்டு கொம்பனிக்குக் குடுக்க எங்க போறது? சாமான் கடை பில்லின்ர அசல் ஒண்டுதான். டோட்டல் லொஸ், அதான் வான் திருத்தேலாமல் முழுசாப் போனது எண்டால் இன்னும் மோசம், சீஆர் ஒண்டு, திறப்பு ஒரு செட்.

ரெண்டு பேருக்கும் சொல்லித்தான் செய்யிறது எண்டாலும் ஒழுங்கு இருக்கு. ரெண்டு பேரும் எழுத்தில அனுமதி தரும் வரைக்கும் ஒரு நட்டைக்கூடக் கழட்ட வேண்டாம். முதல் அசெசர் பாத்திட்டார் எண்டு கழட்டிப் பூட்டினால், ரெண்டாவது ஆள் வந்து 'பாக்காத சேதத்துக்குப் பங்கு தரேலாது' எண்டு போவார். அவர் சொல்றது பிழையுமில்லை. கழட்டின பிறகு உள்ளுக்குத் தெரியிற சேதம், அதான் ஏசி கொண்டென்சர், ஃபேன் மோட்டார், செசி நுனி வளைஞ்சது, இதுக்குச் சப்ளிமென்டரி எஸ்டிமேட் அடிச்சால் அதுவும் ரெண்டு பேருக்கும் அதே நாளில போகவேணும். இதால ஒரு கிழமை வேலை மூண்டு கிழமையாகும். வான் கராஜுக்குள்ள நிண்டால் ஹயர் காசு ஆர் தாறது? அதுக்கு ரெண்டு பொலிசியும் ஒரு சதம் தராது, விசேசமா எடுத்திருந்தாலே தவிர.

சாமானுக்குத் தேய்மானக் கழிவும் இருக்கு. பழைய வானுக்குப் புதுச் சாமான் போட்டால் ஒரு பங்கு சொந்தக்காரன்ர தலையில. ரெண்டு கொம்பனியின்ர கழிவு வீதம் ஒண்டாயிராது, அதிலயும் இழுபறி.

தீவான்:
சரி சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒரு கேள்வி. 90 இலட்சத்துக்குப் போட்ட பொலிசி இருக்கு, வான் விலை ஏறிப்போச்சு. மிச்ச 30 இலட்சத்துக்கு வேற கொம்பனியில இன்னொண்டு போட்டால்? அது இரட்டை இல்லைத்தானே, மேல வைக்கிறது.

கணக்குப்பிள்ளை:
இது நல்ல கேள்வி. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வாகனத்தின்ர விலை ஏறின ஏத்தத்தில கனபேர் குறைகாப்புறுதியில விழுந்தவை. வருசா வருசம் அதே தொகைக்குப் புதுப்பிச்சுக்கொண்டு வந்தது, விலை மட்டும் ரெண்டு மடங்கு.

கணக்குப்படி உங்கட யோசனை சரிவரும். 420,000 சேதம். 90/120 படி முதலாவது 315,000. 30/120 படி மற்றது 105,000. கூட்டினால் 420,000. ஆனா ரெண்டு எக்செஸ், ரெண்டு பொலிசிக் கட்டணம், ரெண்டு அசெசர், ரெண்டு நோ கிளைம் போனசும் (கிளைம் எடுக்காததுக்குக் கட்டுப்பணத்தில தாற கழிவு) போகும். அதுக்கு மேல, '1 கோடி 20 வானுக்கு 30 இலட்சம்' எண்டு கேட்டால் எந்தக் கொம்பனியும் ஒழுங்கான விலையில ஃபுல் தராது. கீறல், நெளிவு எண்டு சின்னச் சேதம்தான் கனக்க வாறது எண்டு அவைக்குத் தெரியும்.

சுகமான வழி, இருக்கிற கொம்பனிக்கு ஒரு கடிதம்: 'இன்ன திகதி முதல் காப்புறுதித் தொகையை 1 கோடி 20 இலட்சமா உயர்த்தவும்.' மிச்ச நாளுக்கு மட்டும் கூடுதல் கட்டுப்பணம் வரும், வானைப் படம் எடுப்பினம், எண்டோர்ஸ்மென்ட், அதான் பொலிசியில செய்த மாற்றத்தைக் காட்டுற தாள் ஒண்டு தருவினம். அந்தத் தாள் கைக்கு வாற வரைக்கும் உயர்த்தினதா நினைக்க வேண்டாம்.

2025 பெப்ரவரியில இறக்குமதியைத் திரும்பத் திறந்தாச்சு. அதால மற்றப் பக்கமும் பாருங்கோ. விலை இறங்கினால் கூடப் போட்ட தொகைக்குக் கட்டுப்பணம்தான் நட்டம். டோட்டல் லொஸ்சுக்குத் தாறது இழப்பு நடந்த நாள் சந்தைப் பெறுமதி, எழுதின தொகை அதுக்கு ஒரு கூரை மட்டும்.

கோப்புக்காரன்:
டெபிட் நோட்டை (கட்டுப்பணம் கட்டச் சொல்லி வாற கணக்குத் தாள்) ஒருக்கா விரிச்சுப் பாருங்கோ, இன்னொரு வீண் செலவு தெரியும். அடிப்படைக் கட்டுப்பணத்துக்குக் கீழ எஸ்ஆர்சிசி எண்டும் டீசி எண்டும் ரெண்டு வரி. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம். எந்தக் கொம்பனியில எடுத்தாலும் இந்தக் காசு போய்ச் சேருறது 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்கு. கலவரத்தில வான் எரிஞ்சால் ரெண்டு கொம்பனியும் போய் நிக்கிறது அந்த ஒரு வாசலில. ஒரே நிதியத்துக்கு ஒரே வானுக்கு ரெண்டு தரம் கட்டியிருக்கிறீங்கள். அதுக்கு மேல 18 வீத வற் வேற.

பிரக்கிராசி:
தேர்ட் பார்ட்டிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய தொகை அங்கேதான். வான் ஒரு மோட்டார் சைக்கிள்காரரில் தட்டி அவருக்குக் கால் முறிந்தது என்று வையுங்கள். வழக்கு யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் வருகிறது. அடிபட்டவருக்கு இரண்டு பொலிசி இருப்பது ஒரு தடையாகாது, அவர் தன் நட்டத்தைக் கேட்பார். கொம்பனிகள் தமக்குள் பங்கிடட்டும்.

உங்கள் கடமை, அறிவிப்பது. விபத்து நடந்த இடத்தில் இருந்தே இரண்டு கொம்பனிகளின் அவசர இலக்கத்துக்கும் எடுங்கள், பொலிஸில் முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். பிறகு சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதமோ நீதிமன்ற அழைப்பாணையோ வந்தால் அன்றைக்கே இருவருக்கும் பிரதி, பதிவுத் தபாலில். ஒருவருக்கு மட்டும் அறிவித்துவிட்டு மற்றவருக்கு எட்டு மாதம் கழித்துச் சொன்னால், பிந்திய அறிவிப்பு என்று அவர் கழன்றுவிடப் பார்ப்பார். முதலாவது கொம்பனியோ 'என் பங்கு இவ்வளவுதான்' என்று சொல்லி மிச்சத்தை உங்கள் தலையில் விடும். இரண்டு பொலிசியின் உண்மையான ஆபத்து இதுதான். பங்குக் கணக்கில் சில ஆயிரம் குறைவது அதற்கு முன் ஒன்றுமில்லை.

இரண்டு கொம்பனிகளின் அனுமதியும் இல்லாமல் 'பிழை என்னுடையதுதான், செலவைத் தாறன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம். பொலிஸ் நிலைய வாசலில் சமாதானமாகப் போவோம் என்று தாள் நீட்டுவார்கள். அந்தத் தாளுக்குப் பிறகு கொம்பனி பின்னால் நிற்காது.

சொத்துச் சேதத்துக்கு அட்டவணையில் எழுதிய தொகைதான் எல்லை. மதிலையோ கடை முகப்பையோ இடித்தால் அந்த வரியைப் பாருங்கள்.

தீவான்:
அப்ப ரெண்டிலயும் எடுக்கக்கூடியது ஒண்டுமே இல்லையோ?

கோப்புக்காரன்:
இருக்கு. ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் போட்ட தனிநபர் விபத்து நலன். 'மரணத்துக்கு இவ்வளவு, ஒரு கை போனால் இவ்வளவு' எண்டு நிலையான தொகை எழுதியிருந்தால், அது ஆயுள் காப்புறுதி மாதிரி, பங்கீடு இல்லை. பொலிசியில வேற மாதிரிச் சொல்லாட்டி ரெண்டிலயும் கேக்கலாம். நீங்கள் முதல் கேட்ட கேள்விக்கு ஆமெண்டு சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான். ஆனா ஆஸ்பத்திரி பில்லைக் காட்டி எடுக்கிற காசு அப்படி இல்லை. அது திரும்பவும் இழப்பீடு, ஒரு பில்லுக்கு ஒருக்காத்தான்.

இடையில ஒரு ஆள் தனிச் செய்தியில, ட்ரெக்டருக்கும் அது இழுக்கிற பெட்டிக்கும் (ட்ரெயிலர்) தனித்தனிப் பொலிசி எடுத்தால் இரட்டைக் காப்புறுதியோ எண்டு கேட்டிருந்தவர். பெட்டிக்குத் தனி இலக்கத் தகடு, தனிப் பதிவு. அதுக்குத் தனிப் பொலிசி எடுக்கிறது இரட்டைக் காப்புறுதி இல்லை.

ஸ்பனர் 12-14:
ஓப்பின் பேப்பரில, அதான் பதிவைத் தங்கட பெயருக்கு மாத்தாமல் வாங்கிற ஆக்களையும் சொல்லுங்கோவன். வித்தவன்ர பொலிசி ஓடுது, வாங்கினவன் புதுசா ஒண்டு எடுக்கிறான், பாத்தால் ரெண்டு மாதிரி.

கோப்புக்காரன்:
பாத்தால் ரெண்டு, உண்மையில ஒண்டு. வித்த உடன வித்தவருக்கு அந்த வாகனத்தில உரித்து இல்லை, அவற்ற பொலிசி வாங்கினவருக்குத் தானாக மாறாது. கார்ட்டை வாங்கி டாஷ்போர்டில வைச்சிருக்கிறதால காப்பு வராது. வித்தவர் தன்ர கொம்பனிக்கு எழுதி ரத்துச் செய்து, நோ கிளைம் போனஸ் கடிதத்தை அடுத்த வாகனத்துக்கு வாங்கி வைக்கலாம். அந்தப் போனஸ் ஆளோட போறது, வாகனத்தோட இல்லை.

நெல்லியடி வான்:
விளங்குது. ஒண்டை நிப்பாட்டுறன். ரெண்டாவதை வைச்சிருக்க யோசிக்கிறன், ஹயரிங் எண்டும் முழுப் பெறுமதிக்கும் இருக்கு. லீசிங் ஒத்துக்கொள்ளுமோ? என்ன ஒழுங்கில செய்யிறது?

கோப்புக்காரன்:
லீசிங் ஒப்பந்தத்தை எடுத்து காப்புறுதி எண்ட பந்தியைப் பாருங்கோ. வழக்கமா ரெண்டில ஒண்டு இருக்கும்: 'நாங்கள் அங்கீகரிக்கிற கொம்பனியில' எண்டு, அல்லது 'நீங்கள் உரிய நேரத்தில புதுப்பிச்சுக் காட்டாட்டில் நாங்கள் போட்டு உங்கட கணக்கில ஏத்துவம்' எண்டு. ரெண்டாவது மாதிரி எண்டால் உங்களுக்கு நல்ல இடம் இருக்கு.

ஒழுங்கு மாறக்கூடாது. முதல், உங்கட கொம்பனிக்குப் போய் லீசிங் கொம்பனியின்ர நிதி உரித்தை எண்டோர்ஸ்மென்ட்டா ஏத்துங்கோ. அந்த நேரமே எழுத்தில சொல்லுங்கோ, 'இன்ன கொம்பனியில இன்ன இலக்கப் பொலிசியும் தற்போது நடைமுறையில உண்டு, ரத்துச் செய்யக் கேட்டிருக்கிறேன்' எண்டு. முன்மொழிவுப் படிவத்தில 'இல்லை' எண்டு போயிருந்தால் அதைத் திருத்துற வேலையும் இதோட முடியும். எண்டோர்ஸ்மென்ட் தாள் கைக்கு வந்த பிறகுதான் லீசிங் கிளைக்குப் போறது. அவையிட்ட எழுத்தில சம்மதம் வாங்கி, அவையே தங்கட பொலிசியை நிப்பாட்ட வேணும். அது உங்கட பெயரும் இருக்கிற பொலிசி எண்டாலும், லீசிங் சம்மதமில்லாமல் காப்புறுதிக் கொம்பனி ரத்துச் செய்யாது.

மாறிச் செய்தால் என்ன நடக்கும்? லீசிங் பொலிசி நிண்டுபோய், உங்கடையில அவையின்ர உரித்து ஏறாமல் இருக்கிற இடைவெளியில வான் டோட்டல் லொஸ் ஆனால், ஒப்பந்தத்தை மீறினது நீங்கள்.

கணக்குப்பிள்ளை:
காசைப் பாருங்கோ. ரத்துக்கு ரெண்டு வகைக் கணக்கு. நாள் விகிதம் எண்டால் ஓடின நாளுக்கு மட்டும் பிடிச்சு மிச்சம் தருவினம். குறுகிய கால அளவு எண்டால் கூடப் பிடிப்பினம், மூண்டு மாதம் ஓடினாலே அரைவாசி போற அளவுகளும் இருக்கு. நீங்களாகக் கேட்டு ரத்துச் செய்தால் வழக்கமா ரெண்டாவதுதான். அதால கடிதத்தில 'ரத்துச் செய்யவும்' எண்டு மட்டும் எழுதாதேங்கோ. 'ஒரே வாகனத்துக்கு இரட்டைக் காப்பு வந்தபடியால் தொடக்கத் திகதியில இருந்து ரத்துச் செய்யவும், ஏலாவிட்டால் மார்ச் 10 முதல் நாள் விகிதத்தில' எண்டு கேளுங்கோ. கிளைம் இல்லாததால கேக்க இடமுண்டு. தருவினமோ எண்டது அவையின்ர முடிவு. மார்ச் 1 இல இருந்து 9 வரைக்கும் வேற காப்பு இருக்கேல்லை எண்டால் அந்த ஒன்பது நாளுக்கு அவை பிடிக்கிறது நியாயம்தான்.

திருப்பிற காசு காப்புறுதிக் கொம்பனியில இருந்து லீசிங்குக்குத்தான் போகும். அங்கதான் தொலையிறது. கிரெடிட் நோட்டின்ர (காசு திருப்பினதைக் காட்டுற தாள்) பிரதி ஒண்டு வாங்குங்கோ. அடுத்த மாத லீசிங் கணக்கு அறிக்கையில அதே தொகை கழிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. கழியாட்டில் அந்தக் கட்டுப்பணத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், தவணைப் பிந்தல் கட்டணமும் சேரும்.

நெல்லியடி வான்:
கடிதத்துக்கு ஒரு மாதிரி போட்டால் உதவி.

கோப்புக்காரன்:
இப்படி எழுதுங்கோ, சிங்களமோ ஆங்கிலமோ தேவையில்லை. கிளையில தமிழிலேயே குடுக்கலாம். ரெண்டு பிரதி, ஒண்டில திகதி முத்திரை வாங்குங்கோ.

'வாகன இலக்கம் ..., செசி இலக்கம் ..., லீசிங் ஒப்பந்த இலக்கம் ...
மேற்படி வாகனத்துக்குத் தங்களால் மார்ச் 1 முதல் பெறப்பட்ட ... இலக்கக் காப்புறுதியும், என்னால் மார்ச் 10 முதல் பெறப்பட்ட ... இலக்கக் காப்புறுதியும் ஒரே காலத்தில் நடைமுறையில் உள்ளன. என்னால் பெறப்பட்டது முழுச் சந்தைப் பெறுமதிக்கும் வாடகைப் பாவனைக்கும் உரியது. அதில் தங்கள் நிதி உரித்துச் சேர்க்கப்பட்ட மேலெழுத்து (எண்டோர்ஸ்மென்ட்) இணைக்கப்பட்டுள்ளது. எனவே அதனை ஏற்று, தங்களால் பெறப்பட்டதை ரத்துச் செய்யவும், அதற்கான கட்டுப்பணத்தை எனது லீசிங் கணக்கிலிருந்து நீக்கவும், இதற்கான எழுத்து மூலப் பதிலை 14 நாட்களுக்குள் தரவும் வேண்டுகிறேன். இக்காலத்தில் எவ்வித இழப்பீட்டுக் கோரிக்கையும் செய்யப்படவில்லை.'

இணைப்பு: ரெண்டு அட்டவணையும், எண்டோர்ஸ்மென்ட், கட்டுப்பணம் கட்டின ரசீது, சீஆர் பிரதி. ரசீது கட்டாயம். டெபிட் நோட் மட்டும் இருந்தால் காசு கட்டாத பொலிசி எண்டு தள்ளிவிடுவினம்.

அவையின்ர பொலிசி தனிப்பட்ட பாவனைக்குப் போடப்பட்டிருக்கு, வான் ஹயரிங் ஓடுது எண்டதையும் கதைக்கேக்க சொல்லுங்கோ. ஹயரில அடிபட்டால் அவையின்ர உரித்துக்கும் அந்தப் பொலிசியில பாதுகாப்பில்லை. இது அவையளையே கெதியா அசைக்கும்.

பிரக்கிராசி:
பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ: காப்புறுதிக் கொம்பனியோடு உள்ள பிணக்கு என்றால் முதலில் அந்தக் கொம்பனியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ போகலாம். லீசிங் கொம்பனி கணக்கில் காசைக் கழிக்கவில்லை என்பது காப்புறுதிப் பிணக்கு அல்ல, அதற்கு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பக்கம்தான் வாசல். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால் இருவரும் மற்றவரைக் கையைக் காட்டுவார்கள்.

நெல்லியடி வான்:
நன்றி அண்ணைமார். கடைசியா ஒண்டு: லீசிங் பதில் வாற வரைக்கும் வானுக்குள்ள எந்தக் கார்ட் வைக்கிறது? வருமான அனுமதிப்பத்திரம் முதலாவது பொலிசியைக் காட்டித்தான் எடுத்தது.

கோப்புக்காரன்:
அனுமதிப்பத்திரம் எடுத்த அண்டைக்குச் செல்லுபடியான காப்பு இருந்தது, அது காணும். பிரதேச செயலகத்துக்குத் திரும்பப் போகத் தேவையில்லை. வானுக்குள்ள ரெண்டாவது கார்ட்டை வையுங்கோ, ஹயர் ஓடுற வானுக்கு அதுதான் பொருத்தம். முதலாவதின்ர அசல் கார்ட்டை வீட்டில கோப்புக்குள்ள வையுங்கோ, துலைச்சுப்போடாதேங்கோ. ரத்துக்கு அசலைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுவினம்.

ஸ்பனர் 12-14:
ரெண்டு கொம்பனியின்ர அவசர இலக்கத்தையும் ஒரு மட்டையில எழுதி சன்வைசருக்குப் பின்னால செருகி விடுங்கோ, ரத்து முடியும் வரைக்கும். ஓடுறது வேற றைவர் எண்டால் அவருக்கும் சொல்லி வையுங்கோ, ரெண்டுக்கும் அடிக்கவேணும் எண்டு.